திட்டத் தெரியாத எதிரி

“இவன் ஓர் ஓநாய்!” என்றார் மாப்பிள்ளை முதலாளி, தன்னைப் பற்றியே.

தொண்டையைச் செருமிக்கொண்டு அடுத்ததற்குப் போனார். “‘இவனுக்குத் தூக்கமே கிடையாது. ஊர் உறங்கும்போது, அடுத்தவன் வியாபாரத்தை எப்படி விழுங்கலாம் என்று யோசித்துக்கொண்டிருப்பான்.’ கேட்டீங்களா மேடம்? ‘கழுகுக் கண். இரும்பு நெஞ்சு. இவன் எதிரில் உட்கார்ந்தால் பழம் தின்று கொட்டை போட்ட வியாபாரிக்கும் கை நடுங்கும்.’ எப்படியெல்லாம் எழுதறான் பாருங்க, பாவி!”

சவுண்டு பார்த்துக்கொண்டுதான் இருந்தான். அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது. அந்த மெத்தைக் கம்பெனியில் வருபவர்களுக்கு நாற்காலி போடுவதில்லை. மாதிரி மெத்தை ஒன்றைக் காட்டுவார்கள். உட்கார்ந்தவன் இடுப்பு வரை உள்ளே போய்விடுவான். எதிரே உயரமான மர நாற்காலியில் மாப்பிள்ளை முதலாளி, குன்றின் மேல் ஏறி நிற்பவர் போலத் தெரிவார். பெரிய முதலாளியின் ஒரே மகளைக் கட்டிக்கொண்டதில் அவருக்குக் கிடைத்தவை இரண்டு: கம்பெனி, அந்த நாற்காலி.

நகவெட்டி மட்டும் உட்காராமல் நின்றாள். துப்பறியும் தொழிலில் அவளுக்கு அதுதான் பெயர். கைப்பைக்குள் அடங்கிவிடுவாள் போல அவ்வளவு சின்ன உருவம். ஆனால் எங்கே எது அளவுக்கு மீறி நீண்டுகொண்டிருந்தாலும் ‘டக்’கென்று வெட்டிவிடுவாள். சவுண்டு அவளுடைய உதவியாள். அவனுக்கு ஏன் அந்தப் பெயர் வந்தது என்பது அவன் வாயைத் திறந்தால் தெரிந்துவிடும். திறந்தான்.

“போனைப் பாக்காமலே சொல்றீங்களே சார், எல்லாம் மனப்பாடமா?”

“மனசுல தைச்சது மறக்குமா தம்பி?” என்றார் அவர். குரலில் வலி இருந்தது. முகத்தில் இல்லை.

விஷயம் இதுதான். துணுக்கு என்று ஒரு தளம். நாலு வரிக்கு மேல் எழுத விடாது. சண்டை போட நாலு வரி தாராளம் என்பதால் ஊரே அதில் குடியிருந்தது. அங்கே ‘உள்ளே இருப்பவன்’ என்ற பெயரில் ஒருவன், தான் இந்தக் கம்பெனியில் வேலை செய்வதாகச் சொல்லிக்கொண்டு மாப்பிள்ளை முதலாளியைச் சில மாதங்களாக விளாசிக்கொண்டிருந்தான். அதுவரை மாப்பிள்ளையின் கணக்கைப் பின்தொடர்ந்தவர்கள் ஊழியர்களும் (வேறு வழியில்லை) மனைவி வழி உறவினர்களும் (அவர்களுக்கும் வேறு வழியில்லை) மட்டும்தான். வசவு தொடங்கிய பிறகு கூட்டம் குவிந்தது. ஒவ்வொரு வசவுக்கும் அவர் பெருந்தன்மையாகப் பதில் போட்டார். ‘விமர்சனம் எனக்கு விட்டமின்’ என்று அவர் எழுதியதைப் பாதி ஊர் பகிர்ந்தது. எதிரிகளைச் சமாளிப்பது எப்படி என்று பேசச் சொல்லி மூன்று சங்கங்கள் மேடையேற்றின.

அதோடு நின்றிருந்தால் நகவெட்டிக்கு வேலையில்லை. போன வாரம் ‘உள்ளே இருப்பவன்’ ஒரு படி மேலே போய், ஸ்பிரிங் கம்பி வாங்கியதில் முதலாளி எவ்வளவு அடிமாட்டு விலைக்குப் பேசி முடித்தார் என்பதை அப்படியே போட்டுவிட்டான். கம்பி கொடுப்பவர் கோபித்துக்கொண்டு சரக்கை நிறுத்தினார். பெரிய முதலாளி விழித்துக்கொண்டார். ‘வெளியாள் ஒருத்தரை வெச்சு விசாரிங்க, மதியம் கூட்டத்துல எனக்கு ஆள் தெரியணும்’ என்று சொல்லிவிட்டார்.

“விசாரிக்கறதுக்கு ஒண்ணுமே இல்ல மேடம். சும்மா ஒரு கையெழுத்துதான்” என்றார் மாப்பிள்ளை. “அந்த விலை பேசினப்ப ரூம்ல இருந்தது நான், குறிப்பெடுக்க விளம்பரப் பிரிவுப் பொண்ணு. நான் என்னையே திட்டிக்குவேனா? அப்புறம், இதைப் பாருங்க.” இப்போதுதான் போனை எடுத்தார். “ஒவ்வொரு பதிவுக்கும் கீழ என்ன போட்டிருக்கு? ‘மேடை வழியாக.’ இந்த ஆபீஸ்ல மேடைங்கற ஆப்பை வெச்சிருக்கறது அவ ஒருத்திதான்.”

“உங்க பதிவுக்குக் கீழ?”

“‘சேவல் வழியாக.’ விடியக்காலை நாலு மணிக்கு எந்திரிச்சு எழுதறவன் நான்.”

“அந்தப் பொண்ணு ஒத்துக்கிட்டாளா?”

“எப்படி ஒத்துக்குவா? போனை வாங்கி வெச்சாலும் பதிவு நிக்கலை. அவளுக்கு ஒரு தம்பி இருக்கானாம், ஊர்சுத்தி. அவன்கிட்ட கொடுத்து எழுத வெக்கறா. இன்னிக்குக் கூட்டம் முடிஞ்சதும் வேலையை விட்டு எடுத்து, காரணத்தோட, போட்டோவோட கம்பெனி கணக்குல போட்டுடுவோம். அதுக்கப்புறம் எந்தக் கம்பெனியும் அவளை வாசப்படி ஏத்தாது.”

சவுண்டு மெத்தைக்குள் இன்னும் நாலு விரல் கீழே போனான். அந்த விளம்பரப் பிரிவுப் பெண் அவனுடைய சொந்த அக்கா. எனவே அந்த ஊர்சுற்றி யார் என்று கண்டுபிடிக்கத் துப்பறியும் நிபுணர் தேவைப்படவில்லை.

“அந்தத் தம்பியைப் பாத்திருக்கீங்களா சார்?” என்றான்.

“பாக்கணுமா? அந்த மாதிரி ஆளுங்களுக்கு மூஞ்சியிலேயே எழுதி ஒட்டியிருக்கும்” என்றார் அவர், அவன் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டே.

*

அக்காவைக் கிடங்கில் உட்கார வைத்திருந்தார்கள். தூர தேசத்து நாவல்களில் துப்பறிபவர்கள் மூடுபனியிலும் கொட்டும் பனியிலும் நடப்பார்கள். இவர்களுக்குக் கிடைத்தது பஞ்சு. மேலிருந்து மெல்ல இறங்கி, தலையிலும் தோளிலும் அமர்ந்து, மூக்குக்குள் போய்த் தும்மலாக வெளியேறியது. கழித்துப் போட்ட மெத்தைகளின் அடுக்கு மேல் கால் தொங்க உட்கார்ந்திருந்த அக்கா, யாரோ ஒரு பெரிய கதையின் கடைசிப் பக்கத்தில் மறந்துவிட்டுப் போன இளவரசி போல இருந்தாள். வாயைத் திறக்கும் வரை.

“வந்துட்டியாடா? மூஞ்சி ஏன் பேயறைஞ்ச மாதிரி இருக்கு?”

“உன் முதலாளி என் மூஞ்சியில எழுத்து தேடினாரு. அதான். நீ சாப்பிட்டியா?”

“என்னை வேலையை விட்டு எடுக்கற அறிவிப்பை என்னையே டைப் பண்ணித் தரச் சொன்னாங்க. அதுல சாப்பாட்டு நேரம் போயிடுச்சு.”

“பண்ணிக் குடுத்தியா!”

“பின்ன? வேற யாராவது பண்ணித் தப்பும் தவறுமா போட்டா, கம்பெனி மானம் போகாதா?” என்றவள் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “பத்து வருஷம்டா. கம்பெனி ரகசியத்தை வித்தவள்னு போடச் சொன்னாரு. அந்த வரியை மட்டும் மூணு தடவை அடிச்சு அழிச்சேன். நாளைக்கு என் பொண்ணு அதைப் படிப்பா இல்ல?”

சவுண்டுக்கு வழக்கமாக ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு ஜோக் இருக்கும். அந்த இடத்தில் அவள் தோளிலிருந்த பஞ்சைத் தட்டிவிட்டான். நகவெட்டி மெத்தை அடுக்கில் அவள் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள்.

“அழறதுக்கு அப்புறமா நேரம் ஒதுக்கலாம்மா. இப்ப எனக்கு ஒரு பாடம் எடு. மேடைன்னா என்ன, சேவல்னா என்ன? நான் இந்தத் துணுக்குப் பக்கமே போனதில்ல.”

அக்கா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். தொழிலைப் பற்றிக் கேட்டதும் குரல் நிமிர்ந்துவிட்டது.

துணுக்கு வெறும் வீடு. அதில் ஆட்கள் ஒட்டிக்கொள்ளும் குட்டி ஆப்புகள் ஏராளம். ஒரே ஆள் பல கணக்குகளை ஒரே ஜன்னலில் வைத்து ஓட்ட, மேடை. எழுதி வைத்ததைக் குறித்த நேரத்தில் வெளியே விட, சேவல். எந்தப் பதிவுக்கு எவ்வளவு கூட்டம் என்று நிறுத்துக் காட்ட, தராசு. பழைய பதிவுகளை ஆதாரம் இல்லாமல் பெருக்கித் தள்ள, துடைப்பம். யார் பாராட்டினாலும் தானாக நன்றி சொல்ல ஒன்று. யார் நம்மைப் பின்தொடர்வதை நிறுத்தினார்கள் என்று சொல்லி வயிற்றெரிச்சலைக் கிளப்ப இன்னொன்று.

“அதாவது, பேசறது ஒருத்தன், கூவறது ஒருத்தன், நன்றி சொல்றது ஒருத்தன், அழிக்கறது ஒருத்தன்” என்றான் சவுண்டு. “கணக்கு வெச்சிருக்கறவனுக்கு என்னதான் வேலை?”

“பெருமைப்படறது” என்றாள் அக்கா.

நகவெட்டி ஒரு பஞ்சை ஊதிப் பறக்கவிட்டாள். “உங்க முதலாளி சேவல் மட்டும்தான் வெச்சிருக்கேன்னாரு.”

“சேவல் தனியா வராது மேடம். மேடையிலதான் அது உக்காரும். மேடை இல்லாம கூவாது. அவர் போன்ல ரெண்டையும் போட்டுக் குடுத்ததே நான்தான். துடைப்பமும் காதடைப்பும்கூட.”

“காதடைப்புன்னா என்ன?”

“பிடிக்காத வார்த்தை ஏதாவது இருந்தா அதுல போட்டுடலாம். அந்த வார்த்தை வர்ற எதுவும் நம்ம கண்ணுல படாது. அவர் வாங்கிட்டு, ‘அந்தப் பக்கம் திரும்பி நில்லும்மா’ன்னாரு. திரும்பினேன். ஏதோ ஒரே வார்த்தைதான் அடிச்சாரு. அன்னிக்கு ரொம்ப வாட்டமா இருந்தாரு.”

“கண்ணுல படாததுக்குக் காதடைப்புன்னு பேரு. பேர் வெச்சவனுக்கு மூக்குக் கண்ணாடி வாங்கித் தரணும்” என்றான் சவுண்டு.

“பேசாம இருடா. அதுல ஒரு வில்லங்கம் இருக்கு மேடம். ஒரு கணக்குக்குன்னு நினைச்சு வார்த்தையைப் போடுவோம். ஆனா மேடையில எத்தனை கணக்கு இருக்கோ அத்தனைக்கும் சேர்ந்து அடைச்சிடும். எனக்கே ஆச்சு. என் சொந்தக் கணக்குல யாரோ மூட்டைப்பூச்சி படமா போட்டு அருவருப்பா இருந்துச்சுன்னு ‘மூட்டைப்பூச்சி’யை அடைச்சு வெச்சேன். கம்பெனி கணக்கும் அதே மேடையில இருந்தது. மெத்தைக் கம்பெனிக்கு வர்ற முக்கியமான புகாரே அதுதானே? ஒரு வாரம் ஒரு புகாரும் காணோம். நம்ம மெத்தை தரம் உயர்ந்துடுச்சுன்னு முதலாளி எல்லாருக்கும் கை குடுத்தாரு. அப்புறம் சந்தேகம் வந்து அந்த வார்த்தையை எடுத்தேன் பாருங்க, நிறுத்தி வெச்சிருந்த அத்தனையும் ஒரே நேரத்துல கொட்டிச்சு!”

நகவெட்டி அடுக்கிலிருந்து குதித்து இறங்கினாள். குதிக்க வேண்டியிருந்தது, கால் எட்டவில்லை. “அந்த மனுஷன் எந்த வார்த்தையை அடைச்சிருப்பாரு?”

அக்காவுக்குத் தெரியவில்லை.

“பரவாயில்ல. ஒருத்தருக்குப் பிடிக்காத வார்த்தை எதுன்னு அவர்கிட்ட கேக்கக் கூடாது. அவர்கிட்ட வேலை பாக்கறவங்ககிட்ட கேக்கணும்.”

*

தையல் கூடத்தில் இடைவேளை மணி அடித்திருந்தது. பெரிய மெஷின்கள் வாயடைத்து நின்றன. பெண்கள் மேலுறைத் துணிக் குவியல்களில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். நகவெட்டி கையில் ஒரு டம்ளரை வாங்கிக்கொண்டு, ஊருக்குப் போய்வந்த உறவுக்காரி போல நடுவில் உட்கார்ந்தாள்.

“‘உள்ளே இருப்பவன்’ யாருன்னு தெரியுமா உங்களுக்கு?”

“உள்ள இருக்கற ஆள் இல்ல மேடம்” என்றார் மூத்த தையல்காரம்மா, யோசிக்காமல். “வெளி ஆள்.”

“எப்படிச் சொல்றீங்க?”

“ஓநாயாம், கழுகாம். நம்ம சாரையா? ஓநாய் பாத்தா வழக்குப் போடும்.”

கூடமே குலுங்கியது. ஒருத்திக்கு டீ மூக்கு வழியாக வந்தது.

“சரி, நீங்க திட்டணும்னா எப்படித் திட்டுவீங்க?”

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளக்கூட இல்லை. பதில் ஒரே குரலாக வந்தது: “ஜவ்வு!”

பிறகு ஆளுக்கொரு கதை. ‘சுருக்கமா சொல்லி முடிச்சிடறேன்’ என்று தொடங்கி, ஆட்கள் நின்றபடியே தூங்கிப்போன கூட்டம். நேரத்தை மிச்சப்படுத்துவது பற்றி அவர் பேசியதில் ஒரு ஷிஃப்டு முழுக்க வீணான கதை. பிரசவ லீவு கேட்கப் போனவளுக்கு, தான் பிறந்த கதையைச் சொல்ல ஆரம்பித்து, அவர் பள்ளிக்கூடத்தில் சேருவதற்குள் அவளுக்கு வலி எடுத்துவிட்ட கதை.

“கெட்ட மனுஷன் இல்ல மேடம். இழுவை. அவ்வளவுதான்” என்றார் தையல்காரம்மா. “பெரிய மனசுன்னும் சொல்லணும். துணுக்குல அவர் பதிவுக்குக் கீழயே தினமும் ‘ஜவ்வு வணக்கம்’னு போடறோம். முதல்ல ஒருத்தி வாய்க்கொழுப்புல போட்டுட்டா, வேலை போச்சுன்னு எல்லாரும் பயந்தோம். ஒண்ணுமே சொல்லலை. அப்புறம் எல்லாருக்கும் தைரியம் வந்துடுச்சு. இன்னிவரைக்கும் கண்டுக்கவே மாட்டார்.”

“கண்டுக்கலையா, கண்ணுக்கே படலையா?” என்றாள் நகவெட்டி. சவுண்டைத் திரும்பிப் பார்த்தாள். “என்னடா புரியுது?”

சவுண்டு தலையைச் சொறிந்தான். பஞ்சு உதிர்ந்தது. “முதலாளி அடைச்சு வெச்ச வார்த்தை ஜவ்வு.”

“அப்புறம்?”

“உள்ளே இருப்பவன் இத்தனை மாசமா திட்டறான். ஒரு தடவைகூட ஜவ்வுன்னு சொன்னதில்ல. இங்க வேலை பாக்கறவன் வாயில முதல்ல வர்ற வார்த்தையே அதுதான்.” நிறுத்தினான். “மேடம்... அவன் திட்டறதே எனக்கு ஒரு மாதிரி இருக்கு. தூங்க மாட்டான், கழுகுக் கண்ணு, எதிராளி நடுங்குவான். என்னை யாராவது இப்படித் திட்டினா ஃபிரேம் போட்டு மாட்டிப்பேன். எதிரிக்கு இவ்வளவு மோசமாவா திட்டத் தெரியும்?”

“அதான் கேள்வி. போனை எடு.”

‘உள்ளே இருப்பவன்’ யார் என்ன கேட்டாலும் உடனே பதில் போடுகிறவன் என்று பெயர் வாங்கியவன். சவுண்டு நகவெட்டி சொல்லச் சொல்ல எழுதினான்.

‘உள்ளே இருப்பவனே, ஓநாய் இன்று மதியம் என்ன சாப்பிட்டது?’

டீ ஒரு வாய் இறங்குவதற்குள் பதில் வந்துவிட்டது. ‘எதிரிகளின் நம்பிக்கையை.’

“கொல்றானே!” என்றான் சவுண்டு.

“இப்ப இதை எழுது. ‘ஜவ்வு பற்றிப் பெரிய ரகசியம் ஒன்று என்னிடம் இருக்கிறது. வேண்டுமா?’”

காத்திருந்தார்கள். டீ ஆறியது. ஒன்றும் வரவில்லை.

“அதையே மாத்திப் போடு. ஜவ்வுன்னு இருக்கற இடத்துல முதலாளின்னு.”

‘உடனே அனுப்பு நண்பா!’ என்று பாய்ந்து வந்தது பதில். ‘அவனுடைய புத்திக்கூர்மையைப் பற்றியதா?’

இப்போது தையல்காரம்மாவுக்கு ஆர்வம் தாங்கவில்லை. தானும் போனை எடுத்தார். கூடத்தில் இருந்த அத்தனை பேரும் எடுத்தார்கள். ‘ஜவ்வு ஒழிக’, ‘ஜவ்வு வாழ்க’, ‘ஜவ்வுக்கு விலையுயர்ந்த பரிசு’ என்று உள்ளே இருப்பவனை நோக்கி மழையாகப் பொழிந்தார்கள். மறுபக்கம் கல்லுப்போல மௌனம். நடுவில் ஒருத்தி சும்மா ‘வணக்கம்’ என்று மட்டும் போட்டாள். அவளுக்கு மட்டும், ‘ஓநாயின் கோட்டையிலிருந்து வணக்கம்’ என்று வந்தது.

நகவெட்டி டம்ளரைக் கீழே வைத்தாள்.

“வா. கூட்டத்துக்கு நேரமாச்சு.”

*

கூட்ட அறையில் நீள மேசையின் தலைமாட்டில் பெரிய முதலாளி. வார்த்தைகளைச் சம்பளம் கொடுத்து வேலைக்கு வைத்திருப்பவர் போல, தேவைக்கு மேல் ஒன்றையும் வெளியே அனுப்பமாட்டார். பக்கத்தில் அவர் மகள். கம்பெனியில் பாதிப் பங்கு அவள் பெயரில். எதிரே மாப்பிள்ளை, கையில் தயாரான அறிவிப்போடு. சுவரோரம் அக்கா நின்றாள். உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

“ஆள் யாரு?” என்றார் பெரிய முதலாளி.

“அதுக்கு முன்னாடி ஒரு வருத்தமான சேதி சார்” என்றாள் நகவெட்டி. “உங்க மாப்பிள்ளைக்கு எதிரியே கிடையாது.”

மாப்பிள்ளை துள்ளி எழுந்தார். “என்ன மேடம் சொல்றீங்க? இருக்கான்! பயங்கரமான எதிரி! நாடே படிச்சுக்கிட்டிருக்கு!”

“இந்தக் கட்டடத்துல எல்லாரையும் பாத்துட்டேன் சார். ஒருத்தருக்கும் உங்க மேல கோபம் இல்ல.”

“கோபம் இல்லையா?” அவர் முகம் தொங்கிப்போனது. வேலை போகப்போகிறது என்று கேட்டிருந்தால்கூட அப்படித் தொங்கியிருக்காது. “மாமா, இதெல்லாம் திசை திருப்பறது. இந்தப் பொண்ணும் அவ தம்பியும்...”

“நான்தான் சார் அந்தத் தம்பி” என்றான் சவுண்டு. “மூஞ்சியில எழுதியிருக்கும்னீங்களே, சின்ன எழுத்தா போச்சா?”

“பாத்தீங்களா மாமா! கூட்டுச் சதி!”

பெரிய முதலாளி ஒரு கையை உயர்த்தினார். அறை அடங்கியது. “உதவியாள் வேற. விசாரணை வேற. நீங்க சொல்லுங்கம்மா.”

“சொல்றதுக்கு ஒண்ணுமில்ல சார், பாக்கறதுதான். உங்க மாப்பிள்ளை போன்ல காதடைப்புன்னு ஒரு ஆப் இருக்கு. அதுல ஒரே ஒரு வார்த்தை அடைச்சு வெச்சிருக்காரு. அதை மட்டும் இப்ப எடுத்துடச் சொல்லுங்க.”

“அது என் தனிப்பட்ட விஷயம்!”

“மாப்ள” என்றார் பெரிய முதலாளி. “எடுங்க.”

மாப்பிள்ளை போனை எடுத்தார். எடுத்த விரல் தயங்கியது. விடியக்காலை நாலு மணிக்கே விழித்துக்கொள்ளும் கழுகுக் கண், யாராவது காப்பாற்றுவார்களா என்று அறை முழுக்கச் சுற்றி வந்தது. பிறகு அழுத்தினார்.

முதலில் ஒரு சின்ன ‘டிங்.’

அப்புறம் அணை உடைந்தது. போன் மேசை மேல் துடித்து, நகர்ந்து, தண்ணீர்க் கூஜாவில் முட்டி நின்று, நின்ற இடத்திலேயே உறுமியது. மாப்பிள்ளை பாய்ந்து மூடப் போவதற்குள் அவர் மனைவி எடுத்துவிட்டாள். சத்தமாகப் படித்தாள், செய்தி வாசிப்பவளைப் போல.

“உங்க பேர்ல இருக்கற கணக்குக்கு: ‘ஜவ்வு வணக்கம்.’ அதுக்கே: ‘ஜவ்வு, இன்னிக்காவது சீக்கிரம் முடி.’ அதுக்கே: ‘ஜவ்வுக்குக் காலை வணக்கம்.’ ஐயோ, இது போய்க்கிட்டே இருக்கே... இரு. இது வேற கணக்கு.” குரல் மெதுவானது. “‘உள்ளே இருப்பவன்’ கணக்குக்கு: ‘ஜவ்வு பற்றிப் பெரிய ரகசியம் ஒன்று என்னிடம் இருக்கிறது. வேண்டுமா?’”



“ரெண்டு கணக்கும் ஒரே மேடையில இருந்தது சார்” என்றாள் நகவெட்டி. “ஒரு காதை அடைச்சா ரெண்டு காதும் அடைக்கும்னு அவருக்குத் தெரியலை. உள்ளே இருப்பவனுக்கு இந்தக் கம்பெனியில எல்லாருக்கும் தெரிஞ்ச ஒரு வார்த்தை மட்டும் தெரியாமப் போச்சு. அதனாலதான் ஓநாய், கழுகுன்னு தடவிக் குடுத்துத் திட்டவேண்டியதாச்சு.”

“அந்தக் கம்பி விலை?” என்றார் பெரிய முதலாளி.

மாப்பிள்ளை தலையைக் குனிந்தார். “எவ்வளவு கெட்டியா பேசினேன்னு யாருக்குமே தெரியலையே மாமா. தராசு காட்டிக்கிட்டே இருந்தது. நல்லதா எழுதினா ஒரு ஈ காக்கா வரலை. திட்டினதும் ஜனம் கொட்டிச்சு. வேற யாரும் திட்டவும் மாட்டேங்கறாங்க. நான் என்னதான் பண்றது?”

“நாலு மணிக்கு எந்திரிச்சு எழுதறதா வேற போட்டிருந்தீங்களே” என்றாள் மனைவி. “உங்க குறட்டை தாங்காம நான் படுக்கையை ஹாலுக்கு மாத்தி எத்தனை நாளாச்சு?”

“அது சேவல்...” என்று முனகினார் மாப்பிள்ளை.

பெரிய முதலாளி எழுந்தார். மேசையிலிருந்த அறிவிப்பை எடுத்து நாலாக மடித்து மாப்பிள்ளையின் சட்டைப் பையில் வைத்தார். பிறகு அக்காவிடம் திரும்பினார். “என்ன வேணும், சொல்லும்மா.”

அக்கா சுவரை விட்டு நகர்ந்து வந்தாள். அழுதுவிடுவாளோ என்று சவுண்டு பார்த்தான். அவள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“நான் பண்ணலைன்னு அவர் எழுதணும் சார். ரெண்டு கணக்குலயும். நாலு வரி.”

மாப்பிள்ளை எழுதினார். முதல் வரி, ‘மாபெரும் மனிதர்களுக்கு மாபெரும் தவறுகளும் நேரும்’ என்று ஆரம்பித்தது. அக்கா அழித்தாள். இரண்டாவது, ‘என்னை நானே சோதித்துக்கொண்ட ஓர் அக்கினிப் பரீட்சையில்’ என்று ஆரம்பித்தது. அழித்தாள். மூன்றாவதைப் படித்துவிட்டுப் படிக்காதது போல அழித்தாள். பிறகு தானே சொன்னாள், அவர் அடித்தார்.

‘உள்ளே இருப்பவன் என்ற கணக்கை நடத்தியது இந்தக் கம்பெனியின் முதலாளி. விளம்பரப் பிரிவில் இருக்கும் பெண்ணுக்கு அதில் எந்தத் தொடர்பும் இல்லை. அவர் மேல் சொன்ன பழி பொய். அதற்காக அவரிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.’

“விடியக்காலை போகட்டுமே” என்றார் மாப்பிள்ளை நைசாக. “சேவல்ல போட்டு வெக்கறேன்.”

“இப்பவே போகட்டும் சார். துடைப்பத்தையும் கழட்டிடுங்க. ராத்திரியோட ராத்திரியா பெருக்கித் தள்ளிடும்.”

அவர் கழற்றினார். அழுத்தினார். போய்விட்டது. அக்கா தன் போனை வாங்கி, இரண்டு கணக்கிலும் அது வந்திருக்கிறதா என்று பார்த்தாள். ஒரு தடவை படித்தாள். மகளுக்கு அனுப்பினாள். அப்போதுதான் அவள் கண் கலங்கியது. சவுண்டு அவசரமாகக் கூரையில் எதையோ ஆராயத் தொடங்கினான்.

மாப்பிள்ளையின் போன் மறுபடி உறுமியது. எட்டிப் பார்த்தார். “மாமா!” என்றார், நம்ப முடியாத குரலில். “இவ்வளவு கூட்டம் வந்ததே இல்ல!”

பெரிய முதலாளி அந்தப் போனை வாங்கி அக்காவின் முன்னால் வைத்தார். “இனி இது உன் பொறுப்பும்மா. மாப்ள எதை எழுதினாலும் உன்கிட்ட காட்டிட்டுதான் போடணும். நீ வேணாம்னா வேணாம்.”

“சம்பளம் கூட்டுவீங்களா சார்?”

“கூட்டறேன்.”

“எனக்கு ஒரு நாற்காலியும் வேணும். மெத்தை வேணாம்.”

நகவெட்டி கைப்பையை எடுத்தாள். சவுண்டு கதவைத் திறந்தான். அவர்கள் வெளியே போவதற்குள் மாப்பிள்ளை ஒரு துண்டுத் தாளில் எதையோ கிறுக்கிக்கொண்டு, லீவு கேட்க வந்த ஊழியரைப் போல அக்காவின் நாற்காலியோரம் வந்து நின்றார்.

“புது மெத்தைக்கு ஒரு துணுக்கு தோணிச்சும்மா. பாத்துச் சொல்றியா?”

அக்கா வாங்கிப் படித்தாள். ‘நான் தூங்காததால் நீங்கள் தூங்குகிறீர்கள்.’

“இதுல மெத்தை எங்க சார்?” என்று கேட்டு, தாளைத் திருப்பிக் கொடுத்தாள்.